வலது காலை மட்டும் நீட்டுங்கள்

போன ஞாயிற்றுக்கிழமை அந்தோணி அண்ணன் எங்கள் வீட்டுக்கு நடந்து வந்தார்.

அவ்வளவுதான் செய்தி. இதற்கு ஒரு பத்தியா என்று நீங்கள் முறைப்பது தெரிகிறது. கொஞ்சம் பொறுங்கள். அவர் வீடு எங்கள் தெருவின் கடைசியில், எங்கள் வீடு முனையில். நடுவே ஒரு சாக்கடைப் பாலம், இரண்டு ஸ்பீட் பிரேக்கர், எவரையும் சும்மா விடாத நாய்கள். இத்தனையையும் அவர் தன் இரண்டு கால்களால் தாண்டி வந்தார். அதில் ஒரு கால் போயிருக்க வேண்டியது. போகாமல் தப்பியதற்குக் காரணம் எங்களுடைய பக்தி அல்ல, பண்பும் அல்ல... பொறாமை!

முதலில் அன்பியம் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் பங்குக் கோயிலைச் சேர்ந்த குடும்பங்களைத் தெருவாரியாகப் பிரித்து, ஒவ்வொரு பிரிவுக்கும் அன்பியம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். முறை வைத்து ஒவ்வொரு வீட்டிலும் கூட வேண்டும், ஜெபம் சொல்ல வேண்டும், பைபிள் வாசிக்க வேண்டும், ஒருவருக்கொருவர் தாங்கலாக இருக்க வேண்டும். அருமையான ஏற்பாடு. ஆதிக் கிறிஸ்தவர்கள் இப்படித்தான் உள்ளதையெல்லாம் பகிர்ந்து வாழ்ந்தார்களாம்.

நாங்களும் பகிர்கிறோம் — பலகாரத்தை.

ஆரம்பத்தில் டீயும் பிஸ்கட்டும்தான் இருந்தது. பிறகு ஒரு வீட்டில் பருப்பு வடை போட்டார்கள். அடுத்த வீட்டுக்காரர் விடுவாரா? வடையோடு கேசரி. அதற்கடுத்த வீட்டில் பஜ்ஜியும் இரண்டு வகைச் சட்னியும். கடைசியில் ஒரு வீட்டில் சீரகச் சம்பா பிரியாணியே வந்து இறங்கிவிட்டது. திண்டுக்கல்லில் வேறு எங்கே போய் முடியும்? அன்றைக்கு வாசித்த நற்செய்தி என்ன என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. தயிர் வெங்காயம் பத்தவில்லை என்பதை மட்டும் இன்றைக்கும் சொல்லிக்காட்டுகிறார்கள்.

மற்றபடி அன்பு செலுத்துவதற்கு வாட்ஸ்அப் குரூப் இருக்கிறது. விடிந்ததும் ரோஜாப்பூவில் ஒரு வசனம். யாருக்காவது காய்ச்சல் என்றால் கும்பிட்ட கைகள் வரிசையாக வந்து விழும். கஞ்சி வைத்துக்கொடுக்க ஒரு கையும் வராது, அது வேறு விஷயம்.

எங்கள் அன்பியத்தின் பெயர் சமாதான அன்னை அன்பியம். தலைவர் அல்போன்ஸ் சார், ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். அவர் வேட்டிக்குக் கஞ்சி போட்டால் அது ஆளில்லாமலே நிற்கும். எதிர்க்கட்சித் தலைவர் பிலோமினா அக்கா. இட்லி மாவு வியாபாரம். 'கிரைண்டர் நின்னாலும் அந்தம்மா வாய் நிக்காது' என்பார் அல்போன்ஸ் சார் — அக்கா இல்லாத இடத்தில். நான் செயலாளர். அதாவது டீக்குச் சொல்லி அனுப்புகிறவன்.

இப்படிச் சமாதானமாக இருந்த எங்களுக்குள் இந்த வருடத் தவக்காலத்தில் ஒரு யுத்தம் மூண்டது. தாழ்மையை முன்னிட்டு!

ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழன் மாலைப் பூசையில் பாதம் கழுவும் சடங்கு உண்டு. இயேசு தன் சீடர்களின் கால்களைக் கழுவியதன் நினைவாக, பங்குச் சாமியார் பன்னிரண்டு பேரை நாற்காலியில் உட்காரவைத்து, முழந்தாளிட்டு, அவர்கள் பாதத்தைக் கழுவித் துடைப்பார். பெரியவன் சின்னவன் பார்க்காமல் ஒருவருக்கொருவர் ஊழியம் செய்யுங்கள் என்பது அதன் அர்த்தம். இந்த வருடம் ஒவ்வோர் அன்பியமும் ஒருவரை அனுப்ப வேண்டும் என்று சாமியார் அறிவித்துவிட்டார். நல்ல எண்ணத்தில்தான் அறிவித்தார். பாவம், ஊருக்குப் புதுசு.

அல்போன்ஸ் சார் வீட்டில் அவசரக் கூட்டம்.

"எனக்கு இதுல துளிகூட ஆசை இல்ல" என்று ஆரம்பித்தார் சார். "ஆனா வயசு, அனுபவம், பொறுப்புன்னு பாத்தா..."

"பாத்தா எங்க வீட்டுக்காரருதான் சார் போகணும்" என்றார் பிலோமினா அக்கா. "வருசா வருசம் சப்பரம் தூக்குறாரு. நடந்து நடந்து தேஞ்ச காலு. உங்க காலு அம்புட்டு வருசமும் மேசைக்கு அடியிலதான இருந்துச்சு?"

அக்காவின் வீட்டுக்காரர் தன் காலையே முதன்முறை பார்ப்பதுபோல் குனிந்து பார்த்துக்கொண்டார். அவருக்கு இதில் சம்பந்தமே இல்லை.

பேச்சு வளர்ந்தது. யார் கோயிலுக்கு ஃபேன் வாங்கிக் கொடுத்தது, அந்த ஃபேனில் யார் பெயர் எழுதியிருக்கிறது, யார் வீட்டுக் கல்யாணத்துக்கு யாரை அழைக்கவில்லை என்று எல்லாம் வெளியே வந்தன. தாழ்மைக்கு இவ்வளவு தகுதி வேண்டியிருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

கடைசியில் நான் ஒரு ராஜதந்திரம் செய்தேன். யாரைப் பார்த்தால் யாருக்கும் பொறாமை வராதோ அவரைத் தேர்ந்தெடுப்பது!

"நம்ம அந்தோணி அண்ணன அனுப்புவோமா?"

எதிர்ப்பே இல்லை. எப்படி இருக்கும்? அந்தோணி அண்ணன் ஒரு காலத்தில் பிரைவேட் பஸ் கண்டக்டர். தாடிக்கொம்பு, அகரம் என்று படியில் நின்று அவர் கூவினால் பஸ் ஸ்டாண்டுக்கே கேட்கும். மனைவி காலமாகிவிட்டார், மகள் ஓசூரில். தெருக்கோடியில் ஓர் ஓட்டு வீட்டில் தனியாக இருக்கிறார். அவரைப் பார்த்து யார் பொறாமைப்படுவார்கள்?

"அவரு கூட்டத்துக்கு வர்றதே இல்லையே?" என்றாள் என் மனைவி ஜெயா.

"வராம என்னம்மா? குரூப்புல தெனமும் முதல் ஆமென் அவருதான் போடுறாரு" என்றார் அல்போன்ஸ் சார்.

எத்தனை மாதமாக அவரை நேரில் பார்க்கவில்லை என்று யோசித்தேன். தெரியவில்லை. அங்கே இருந்த ஒருவருக்கும் தெரியவில்லை. ஒரே தெரு.

மறுநாள் அல்போன்ஸ் சார், பிலோமினா அக்கா, நான் மூவரும் ஒரு கிலோ ஆப்பிளோடு விஷயத்தைச் சொல்லப் போனோம். வாசலிலேயே ஒரு வாடை. எலி செத்துக் கிடக்கிறது என்றுதான் முதலில் நினைத்தேன்.

கட்டிலில் உட்கார்ந்திருந்தார். ஆள் பாதியாகியிருந்தார். இடது காலில் பழைய வேட்டிக் கிழிசலைச் சுற்றி, பிளாஸ்டிக் ஸ்டூல் மேல் தூக்கி வைத்திருந்தார்.

"வாங்க சார்... வாம்மா பிலோமினா... வா தம்பி. உள்ள வராதீங்க. அங்கனயே நில்லுங்க, நாத்தம் தாங்காது."

"என்னண்ணே இது?" என்றேன்.

"சுகரு தம்பி. செருப்புக்குள்ள ஒரு கல்லு கெடந்திருக்கு. காலு மரத்துப் போச்சா, தெரியல. அதோடயே நாள் பூரா நடந்திருக்கேன். தெனம் வந்து கழுவிக் கட்டணும், விட்டா காலு போயிரும்னாரு டாக்டரு. கொஞ்ச நாள் போனேன். பஸ்ஸுல ஏறுனா பக்கத்துல இருக்கவங்க எந்திரிச்சுப் போயிடுறாங்க. ஒருநா அந்தக் கண்டக்டரு தம்பி, 'பெருசு, எறங்கி ஆட்டோவுல வா'ன்னுட்டான்." நிறுத்தி, லேசாகச் சிரித்தார். "அவன ஒன்னும் சொல்ல முடியாது தம்பி. நானும் கண்டக்டருதான. பஸ்ஸுல ஒருத்தனுக்காக எல்லாத்தையும் எறக்க முடியுமா?"

"மகளுக்குச் சொன்னீங்களா?"

"மாசமா இருக்கா. அவ வேற எதுக்குப் பயப்படணும்?"

கர்ச்சீப்பால் மூக்கைப் பொத்தியிருந்த அல்போன்ஸ் சார்தான் பேசினார்.

"அண்ணே, புண்ணு எந்தக் கால்ல?"

"இடது சார்."

சாரின் முகம் மலர்ந்தது. "ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்! சாமி வலது காலைத்தான கழுவுவாரு?"

சத்தியமாக அப்படித்தான் சொன்னார். விஷயம் இதுதான்: எங்கள் கோயிலில் ஆளுக்கு ஒரு கால், வலது கால்தான் கழுவுவார்கள். பன்னிரண்டு பேருக்கும் இரண்டு காலையும் கழுவினால் பூசை எப்போது முடிவது? வழக்கம் அப்படி. ஆக, இடது காலுக்கு ஒரு வெள்ளை சாக்ஸ் மாட்டி, வேட்டிக்கு உள்ளே இழுத்துக்கொண்டு, வலது காலை மட்டும் நீட்டினால் பிரச்சினை தீர்ந்தது.

"வேணாம் சார். கோயிலுக்குள்ள நாறும்" என்றார் அந்தோணி அண்ணன்.

"அதான் சாம்பிராணி போடுவாங்கள்ல?" என்றார் சார்.

நான் என்ன செய்தேன் என்கிறீர்களா? தலையாட்டினேன். என் ராஜதந்திரம் தோற்றுவிடக் கூடாதே! வாசலில் நின்றபடியே மூவரும் ஒரு ஜெபம் சொன்னோம். சுகர்காரருக்கு ஆப்பிளைக் கொடுத்தோம். திரும்பி வந்து, 'அந்தோணி அண்ணன் கால் சுகம் பெற ஜெபிப்போம்' என்று குரூப்பில் போட்டேன். கும்பிட்ட கைகள் குவிந்தன. முதல் ஆமென் அந்தோணி அண்ணனிடமிருந்தே வந்தது.

பெரிய வியாழன் வந்தது. இந்தச் சடங்கில் இன்னொரு வேடிக்கை உண்டு. சாமியார் கழுவப்போகிற காலை யாரும் அப்படியே கொண்டுபோய் நீட்டுவதில்லை. வீட்டிலேயே கல்லில் தேய்த்து, சோப்புப் போட்டு, நகம் வெட்டி, சிலர் பவுடர்கூடப் பூசிக்கொண்டு வருவார்கள். கழுவுவதற்கு ஒன்றுமே இல்லாத காலைத்தான் சாமியார் கழுவுவார். அந்தோணி அண்ணனால் குனிய முடியாது. அவருடைய வலது காலை யார் கழுவி, இடது காலுக்குச் சாக்ஸ் மாட்டிக் கூட்டி வருவது?

"நான் போறேன்" என்றார் பிலோமினா அக்கா.

நாங்கள் அசந்துபோனோம். 'தாழ்மைக்கு இலக்கணம் நம் பிலோமினா அக்கா' என்று குரூப்பில் எழுதினேன். அதற்கும் கும்பிடுகள்.

சாயங்காலம் கோயில் நிரம்பி வழிந்தது. பீடத்துக்கு முன்னால் பன்னிரண்டு நாற்காலிகள். பதினொன்றில் பளபளக்கும் பாதங்கள் காத்திருந்தன. பன்னிரண்டாவது நாற்காலி காலி. அக்காவுக்குப் போன் போட்டால் எடுக்கவில்லை. பிரசங்கம் முடிந்தது. சாமியார் மேலங்கியைக் கழற்றி, இடுப்பில் துண்டைக் கட்டினார். எல்லா அன்பியங்களும் எங்களைத் திரும்பிப் பார்த்தன.

தலைவர் சும்மா இருப்பாரா? அல்போன்ஸ் சார் எழுந்தார். அன்பியத்தின் மானத்தைத் தோளில் சுமந்தபடி போய், காலி நாற்காலியில் உட்கார்ந்து, வலது காலை நீட்டினார். கால் பளிச்சென்று இருந்தது. காலையிலேயே தேய்த்து வைத்திருந்தார்போல!

அப்போது என் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. கோயிலில் செல்போனை அணையுங்கள் என்று மைக்கில் அறிவிப்பவனே நான்தான். என்ன செய்வது, எடுத்துப் பார்த்தேன். குரூப்பில் பிலோமினா அக்கா: 'அந்தோணி அண்ணனோட கவர்மென்ட் ஆஸ்பத்திரில இருக்கேன். காலு ரொம்ப மோசம். யாராச்சும் வாங்க.'

அதன் கீழே, கோயிலுக்குள் இருந்தபடியே, கும்பிட்ட கைகள் விழ ஆரம்பித்தன. ஒன்று, இன்னொன்று, 'ஜெபிக்கிறோம் அக்கா', மறுபடி கைகள்...

அடுத்த நிமிடம் அக்காவிடமிருந்து: 'கும்புட்டது போதும். அதுல ஒரு கை வந்தாப் போதும், ஸ்ட்ரெச்சர் தள்ள ஆளில்ல.'

பக்கத்தில் பெண்கள் வரிசையிலிருந்து ஜெயா என்னைப் பார்த்தாள். அவளும் போனைப் பார்த்திருக்கிறாள்.

"எந்திரிங்க" என்றாள்.

"பூசை நடக்குதேடி?"

"அதான் எந்திரிங்கன்றேன்."

எழுந்தோம். நற்கருணை வாங்காமல் பெரிய வியாழன் பூசையிலிருந்து நான் வெளியேறியது அதுதான் முதல் தடவை. முதுகில் எத்தனை கண்கள் குத்தின என்று எனக்குத்தான் தெரியும்.

ஆஸ்பத்திரியில் அக்கா புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு நின்றார். சேலையெல்லாம் கறை. நாங்கள் போனபோது நர்ஸ், "இவருக்குச் சொந்தக்காரங்க யாரு?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"நான்தான். தங்கச்சி" என்றார் அக்கா.

"கூடப் பொறந்த தங்கச்சியா?"

"இல்ல, அன்பியத்துல."

"அன்பியமா? அது எந்த ஊருப் பக்கம்?" என்றார் நர்ஸ்.

நான் சிரிக்கத்தான் நினைத்தேன். வரவில்லை.

அவரை உள்ளே கொண்டுபோன பிறகு, வராந்தாவில் அக்கா சொன்னார். "தம்பி, நீ குரூப்புல எழுதுன மாரி நான் தாழ்மைக்கெல்லாம் போகல. அந்தக் கட்டப் பிரிச்சு ஒரு போட்டோ எடுத்து, 'இந்தக் காலையா கோயிலுக்கு அனுப்புறீங்க'ன்னு குரூப்புல போட்டு, உங்க சார் மானத்த வாங்கணும்னுதான் போனேன். போனக் கையில வச்சுக்கிட்டே பிரிக்கிறேன்... புழு தம்பி. உள்ள நெளியுது." கையைச் சேலையில் துடைத்துக்கொண்டார். "அந்த மனுசன் என்னையப் பாத்து, 'கைய வைக்காத தாயி, ஒன் கையி நாறிப்போயிரும், மாவு ஆட்டுற கையி'ங்கிறாரு. அதுக்கு மேல எப்பிடி போட்டோ எடுக்க? காதர் பாய் ஆட்டோவக் கூப்புட்டேன். அவரு 'சர்ச்சுக்கா அக்கா?'ன்னாரு. ஆஸ்பத்திரிக்கு விடுங்க பாய்னேன்."

சொல்லிவிட்டு அக்கா அழுதார். எங்கள் தெருவில் பிலோமினா அக்கா அடுத்தவரை அழவைத்துத்தான் பார்த்திருக்கிறோம்.

இரண்டு விரல்கள் போயின. கால் தப்பியது. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் முழங்காலோடு எடுத்திருக்க வேண்டும் என்றார் டாக்டர். அதாவது, எங்கள் திட்டப்படி எல்லாம் சரியாக நடந்து, சாக்ஸ் மாட்டி, சாம்பிராணி போட்டு, வலது காலைக் கழுவி, பூசை முடிந்து அவரை வீட்டில் கொண்டுபோய் விட்டிருந்தால்... கால் போயிருக்கும். ஆளே போயிருக்கலாம். நாங்கள் கும்பிட்ட கைகளை அனுப்பியிருப்போம்.

வீட்டுக்கு வந்த பிறகும் தினமும் கழுவிக் கட்ட வேண்டும். நர்ஸ் பிலோமினா அக்காவுக்குச் சொல்லிக்கொடுத்தார், அக்கா எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். 'சொல்லிக்கொடுத்தார்' என்பது மரியாதைக்காக எழுதுகிறேன். தெருவில் வைத்துக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். "இன்னைக்கு உங்க மொற. கிளவுஸ் மாட்டிக்கிட்டு வாங்க."

அல்போன்ஸ் சாரின் முறை வந்த அன்று நானும் கூடப் போனேன். வேடிக்கை பார்க்கத்தான். இரட்டை மாஸ்க், கைக்கு இரண்டிரண்டு கிளவுஸ். கட்டைப் பிரித்ததும் வெளியே ஓடிப்போய் வாந்தி எடுத்தார். இனிமேல் வரமாட்டார் என்று நினைத்தேன். வாயைக் கழுவிக்கொண்டு திரும்பி வந்தார். கஞ்சி போட்ட வேட்டியோடு தரையில் உட்கார்ந்தார். வேட்டி மடங்க மறுத்தது, சார் மடங்கிவிட்டார்.

"வலிச்சாச் சொல்லுங்க அண்ணே" என்றார்.

"மரத்துப்போன காலு சார். வலிக்காது" என்றார் அந்தோணி அண்ணன். "நீங்க தொடுறதே கண்ணாலப் பாத்தாத்தான் தெரியுது. அதான் பாத்துக்கிட்டே இருக்கேன்."

சார் கழுவி முடித்துவிட்டு, வலது காலையும் இழுத்து வைத்துக் கழுவினார். அதில் ஒன்றுமே இல்லை. ஏன் கழுவுகிறீர்கள் என்று நானும் கேட்கவில்லை.

இதனால் நாங்கள் எல்லோரும் புனிதர்கள் ஆகிவிட்டோம் என்று நினைத்துவிடாதீர்கள். கட்டுப் போடுவதிலும் இப்போது போட்டி வந்தாயிற்று. 'நேத்துக் கட்டுனது யாரு, இம்புட்டு லூஸா இருக்கு?' என்று குரூப்பில் விசாரணை நடக்கிறது. கட்டுப் போடும்போது செல்ஃபி எடுக்க முயன்ற ஒருவரின் போனை அக்கா பிடுங்கி வைத்துக்கொண்டார். அன்பியக் கூட்டத்தில் பலகாரம் மட்டும் பழையபடி டீ, பிஸ்கட் என்று ஆகிவிட்டது. பலகாரத்தில் ஜெயிப்பதில் இப்போது யாருக்கும் சுவாரசியம் இல்லை.

அப்படியொரு கூட்டத்துக்குத்தான் போன ஞாயிறு அந்தோணி அண்ணன் எங்கள் வீட்டுக்கு நடந்து வந்தார். இடது கால் செருப்பின் முன்பக்கத்தை வெட்டிவிட்டிருந்தார். வாசலில் நின்று, பழைய கண்டக்டர் குரலில், "எல்லாரும் உள்ள தள்ளி ஒக்காருங்க!" என்று ஒரு சத்தம். அக்கா எழுந்து இடம் கொடுத்தார். தெருவே எழுந்தது என்று சொல்ல வேண்டும்.

ஜெபம் முடிந்ததும் அல்போன்ஸ் சார் தொண்டையைச் செருமினார். "அடுத்த வருசம் பெரிய வியாழனுக்கு நம்ம அந்தோணி அண்ணன்தான் போறாரு. இப்பவே முடிவு பண்ணிருவோம். இடது காலையே நீட்டட்டும். சாமிட்ட நான் பேசிக்கிறேன்."

எல்லோரும் கைதட்டினோம். அந்தோணி அண்ணன் மட்டும் தலையை ஆட்டினார்.

"வேணாம் சார். கோயில்ல ஒருத்தரு பன்னெண்டு பேரு காலக் கழுவுறாரு. இங்க என் ஒருத்தன் கால தெருவே கழுவிருச்சு. இதுக்கு மேல போயி நாற்காலில ஒக்காந்தா, ஒரே டிக்கெட்டுல ரெண்டு தடவ போன மாரி ஆயிரும். வேற யாரயாச்சும் ஏத்திவிடுங்க."

ஜெயா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிலோமினா அக்கா மூக்கை உறிஞ்சினார். நான் ஃபேனைப் பார்த்தேன்.

அல்போன்ஸ் சார் மட்டும் மெதுவாகக் குனிந்து, தன் வலது காலைப் பார்த்துக்கொண்டார்!